முதுகு காட்டாத மனிதர்

எங்கள் காலேஜ் ஏ.ஓ. சாரின் முதுகை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது முழுக்க அரிசிக் கஞ்சி அப்பியிருந்தது. மற்றபடி அந்த மனிதர் யாருக்கும் முதுகு காட்டியதில்லை. வீரதீரக் கதை சொல்ல வரவில்லை, நிஜமாகவே காட்டமாட்டார். விருந்தாளி என்று ஒருவர் கேட்டுக்குள் கால் வைத்துவிட்டால் போதும், அவர் முகத்தைப் பார்த்தபடியே, இரண்டு கையையும் தாங்குவதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து ஆபீஸ் வரைக்கும் அழைத்துப் போவார். நடுவில் படி உண்டு, சாக்கடை மேல் போட்ட பலகை உண்டு, வேப்ப மரத்தைச் சுற்றி ஒரு திருப்பம் உண்டு. ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார், தடுக்கவும் தடுக்காது.

ஏ.ஓ. என்றால் அட்மினிஸ்டிரேட்டிவ் ஆபீசர். பாலாற்றுப் பக்கம் போகும் சாலையில், புதிதாய் வந்த எங்கள் நர்சிங் காலேஜுக்கு எல்லாமே அவர்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சின்ன காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் அவர் எங்க மாமா என்று கிளம்பி வந்துவிடுவார்கள். ஒல்லியாய், உயரமாய், நெற்றியில் திருமண், கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை. பெருமாள் புறப்பாட்டில், தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து, இங்கே மேடு, இங்கே பள்ளம், இங்கே கரண்டு கம்பி என்று கைச்சைகையாலேயே வழி சொல்வது அவர்கள் குடும்பத்து வேலை. பெருமாளுக்கு யாராவது முதுகைக் காட்டுவாளா என்பார். பெருமாளுக்குச் சரி சார், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணனுக்கும் எதற்கு இப்படி நடக்கிறீர்கள் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "வந்திருக்காரோல்லியோ, அப்புறம் என்ன" என்றார். இதற்கு மேல் அவரிடம் விளக்கம் எதிர்பார்க்க முடியாது.

ஒரு புறப்பாட்டுக்கு முதல் நாள் அந்த வழியை மூன்று தரம் நடந்து பார்த்துவிடுவாராம். அதற்கப்புறம் கண் தேவையில்லை, கால் பார்த்துக்கொள்ளும் என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. யாரையும் நீ என்று சொல்லவே வராது. பதினேழு வயதுப் பெண்களான எங்களையும் வாங்கோ, போங்கோதான். காலேஜுக்குள் தெருநாய் நுழைந்தால்கூட, "இப்படி எழுந்தருளணும்" என்று கேட் வரைக்கும் பின்னோக்கி நடந்து வெளியே கொண்டுபோய் விடுவார். அனாடமி லேபுக்கு எலும்புக்கூடு வந்த நாளில் அது ஆட்டோவில் உட்கார்ந்து வந்தது. அதற்கும் முன்னால் நடந்தார். முதல் தடவை வரார், பாவம், என்றார். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. நான் ஒருமுறை பிரஷர் பார்க்கும் கருவியைக் கீழே போட்டு உடைத்தபோது, "நீங்க ஒரு வடிகட்டின அசடு" என்று திட்டினார். அந்த 'நீங்க'வுக்காகவே இன்னும் ஒன்றை உடைக்கலாமா என்றிருந்தது.

என் அத்தா இவரிடம் மாட்டியது தனிக் கதை. அத்தாவுக்கு ஒலிமுகமது பேட்டையில் சின்னதாய் ஒரு அத்தர் கடை. நான் பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் என்றேன். ஊரான் வீட்டு மூத்திரம் அள்ளவா உன்னைப் படிக்க வெச்சேன் என்று குதித்தார். அம்மா எப்படியோ சமாதானம் பண்ணி அப்ளிகேஷன் போட வைத்தாள். இடமும் கிடைத்தது. அத்தா யோசித்து யோசித்து, இல்லை, வேண்டாம், சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனார். கேட்டிலேயே ஏ.ஓ. சார் பிடித்துக்கொண்டார். கைகளை ஏந்தி, பின்னோக்கி, "மெள்ள, மெள்ள, இங்க ஒரு படி" என்று அத்தாவை அழைத்துப் போகிறார். அத்தா முகம் சிவந்துவிட்டது. சண்டை போடத் தயாராக வந்த மனுஷர் மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கத் துப்பட்டா போதவில்லை.

நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொடுத்த பிறகு அத்தாவுக்குச் சர்டிபிகேட் கேட்க வாய் வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் படிப்பை சர்க்கார் ஒத்துக்குமா என்றார். ஏ.ஓ. சார் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்காராமல் நின்றபடியே பதில் சொன்னார்.

"பாய், யூனிவர்சிட்டி பட்டம் மட்டும் கொடுக்கும். ஊசி போடற உரிமையை நர்சிங் கவுன்சில்தான் கொடுக்கணும். காலேஜைப் பார்த்து ஒத்துண்டு, பெண்ணோட பேரை எழுதிண்டு, ஒரு நம்பர் கொடுப்பா. அந்த நம்பர் வர வரைக்கும் அடியேன் பொறுப்பு."

வீட்டுக்கு வந்து அத்தா அம்மாவிடம் புலம்பியதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். தர்காவில் ஓதிவிட்டு வெளியே வரும்போது நாம்தான் பின்பக்கமாக நடந்து வருவோம், அங்கே ஒரு அய்யர் எனக்கு அப்படி நடக்கிறார், நான் என்ன அடக்கமாகியிருக்கிற அவுலியாவா என்று கேட்டார். அய்யர் இல்லை, அய்யங்கார் என்று நான் திருத்தியதற்கு, இப்ப அதுவா முக்கியம் என்று ஒரு கத்தல். மறுநாள் காலையில் அவரே போய் என்னைச் சேர்த்துவிட்டு வந்தார்.

அந்த நம்பர்தான் நாலு வருடமும் எங்கள் பேச்சு, மூச்சு எல்லாம். நம்பர் இல்லாத நர்ஸ் வெறும் வெள்ளைச் சேலை. அரசாங்க ஆஸ்பத்திரி எடுக்காது, பெரிய ஆஸ்பத்திரி எடுக்காது, சவூதி கனவு கண்ட பெண்களுக்குக் கனவு அங்கேயே முடிந்தது. நாங்களோ முதல் பேட்ச். கவுன்சில் எங்கள் காலேஜுக்கு வருஷா வருஷம் தற்காலிக அனுமதிதான் கொடுத்துக்கொண்டிருந்தது. நாலாவது வருடம் வந்து முழுசாகப் பார்ப்போம், பிடித்தால் அங்கீகாரம், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இல்லை என்றால் நாங்கள் படித்த நாலு வருடமும் ஆற்றில் கரைத்த புளிதான். ஹாஸ்டலில் என் அறைத்தோழிக்கு மாப்பிள்ளையே நம்பர் வந்தால்தான் என்று காத்திருந்தான். அவள் அவனைவிட நம்பரை அதிகமாய்க் காதலித்தாள்.

சிக்கல் என்னவென்றால், அங்கீகாரத்துக்குக் காலேஜின் சொந்த ஆஸ்பத்திரியில் நிறையக் கட்டில் இருக்க வேண்டும், கட்டிலில் நோயாளி இருக்க வேண்டும். எங்கள் டிரஸ்ட் சேர்மன் கட்டடத்தைக் கட்டிவிட்டு மீதியைக் கடவுளிடம் விட்டிருந்தார். கடவுள் ஏ.ஓ. சாரிடம் விட்டார். பிரின்சிபால் மேடம் இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ஜெபமாலையை எடுத்துவிடுவார், அவரால் எந்த உதவியும் இல்லை. ஏ.ஓ. சாரோ யாரிடமும் 'இல்லை' என்று சொல்லிப் பழகாதவர். சேர்மன் ஆகுமா என்று கேட்டார், ஆகட்டும் என்றுவிட்டார்.

அப்புறம் அவர் செய்ததைப் பார்க்க வேண்டுமே. இன்ஸ்பெக்‌ஷன் என்று அவர் நினைக்கவே இல்லை, புறப்பாடு என்றே நினைத்தார். வருகிற குழு எங்கெங்கே நிற்கும், எங்கே மோர், எங்கே சுண்டல், எங்கே இளநீர், எல்லாவற்றுக்கும் ஏற்பாடு. நூலகம் முதல் மண்டகப்படி. லேப் இரண்டாவது. வார்டு மூன்றாவது. கடைசியாகப் பிள்ளையார்பாளையம், நாங்கள் வாரா வாரம் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கிற, குழந்தைகளுக்கு எடை போடுகிற நெசவாளர் தெரு. அது ஒன்றுதான் எங்களிடம் நிஜமாகவே உருப்படியாக இருந்தது. வார்டுக்கு வேண்டிய கட்டில்களைக் கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் வாடகைக்குச் சொன்னார். நோயாளிகளுக்குக் கோயில் இட்லி என்று ஆசை காட்டி, சும்மா இருக்கிற பெரியவர்களாகப் பார்த்துச் சேர்த்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வியாதி ஒதுக்கினோம். ஒரு தாத்தா தனக்குக் கொடுத்த வியாதி பிடிக்கவில்லை, பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்ததுதான் வேண்டும் என்று அடம் பிடித்தார்.

சார், இது தப்பில்லையா என்று என் அறைத்தோழி மெதுவாகக் கேட்டாள். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதில்லையா, இது அலங்காரம் என்றார். சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை. தப்பென்று எங்களுக்கும் தெரியும், ஆனால் நம்பர் மேல் இருந்த ஆசையில் வாயை மூடிக்கொண்டோம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் இரண்டு நாள் விடாத மழை. ஏ.ஓ. சார் குடை பிடித்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் மூன்று தரம் நடந்து பழகிக்கொண்டார். விடிந்தால் வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. ஆனால் பந்தல்காரரின் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டு கட்டில் வந்து சேரவில்லை. குழுவோ சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கிவிட்டது. குள்ளமாய், நரைத்த தலையுடன், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில் பெரிய மேடம். கூட ஒரு டாக்டர் சார், அவர் கண் சுண்டல் தட்டை விட்டு நகரவில்லை. ஏ.ஓ. சார் எங்கள் பக்கம் வந்து குசுகுசுத்தார், புறப்பாட்டைத் திருப்பிப்போம், முதலில் வீதி, அப்புறம் வார்டு என்று. கட்டில் வருகிறவரைக்கும் நேரம் ஓட்ட வேண்டும். அதில் தப்பென்று எனக்கும் தோன்றவில்லை.

பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டுச் சேலை நெய்வதற்குமுன் அதன் பாவு எனப்படும் நீளவாட்டு இழைகளை எல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். இடுப்பு உயரத்தில் நிற்கும். அது தெருவில் நிற்கும்போது சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவான், மாடுகூட ஒதுங்கும். மழை நாளில் போட முடியாது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்தால் எல்லோரும் ஒரே காலையில் போடுவார்கள். மழையில் நடந்து பழகிய ஏ.ஓ. சாரின் கால்களுக்கு அது தெரியாது.

தெருவுக்குள் கார் போகாது என்று முனையிலேயே இறங்கினோம். முன்னால் ஏ.ஓ. சார், கைகளை ஏந்தி, பின்னோக்கி. அவருக்கு எதிரே பெரிய மேடமும் டாக்டரும். பின்னால் பிரின்சிபால் மேடமும் யூனிபார்மில் நாங்களும். இந்த வீதியில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எல்லாம் எங்க பெண்கள்தான் பிரஷர் பார்க்கறா, என்று அவர் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே போகிறார். அவருக்குப் பின்னால் எனக்குத் தெரிகிறது, திருப்பத்தில் தகதகவென்று அரக்கு நிறத்தில் ஒரு பாவு. குழு கேட்டாலொழிய யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. கையை ஆட்டினேன். அவர் சந்தோஷமாகத் திரும்ப ஆட்டினார். இரண்டு கையையும் ஆட்டினேன். பெரிய மேடம் திரும்பி என்னைப் பார்த்து, உனக்கு என்ன பிரச்சினை என்றார். சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஆகிவிட்டது.

உட்காருகிறவர் மாதிரிதான் போனார். பாவு அவரைத் தாங்கியது, யோசித்தது, பிறகு கட்டியிருந்த கம்புகளோடு சேர்ந்து கீழே வந்தது. கஞ்சி ஈரத்தோடு அத்தனை இழையும் அவர் கழுத்து, கை, அடையாள அட்டை எல்லாவற்றிலும் சுற்றிக்கொண்டது. பாவுக்குச் சொந்தக்கார அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். எனக்குத் தெரிந்தவர், அவர் குழந்தைக்கு நான்தான் எடை போடுவேன். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுத்த சேலைகள் அவை.

"சாமி, அசையாத. நீ அசைஞ்சன்னா மூணு பொடவை போச்சுது" என்றார்.

"அசையலை, நீங்க நிதானமா எடுங்கோ" என்றார் ஏ.ஓ. சார் தரையிலிருந்து. அதோடு விட்டாரா? மேடத்துக்கு ஒரு நாற்காலி போடுங்கோ, வெயில்ல நிக்கறா, மோர் எங்கே என்று படுத்தபடியே உபசாரம் நடக்கிறது. தெருவே சிரித்தது. நாங்கள் சிரித்தோம். பெரிய மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அண்ணனும் அவர் சம்சாரமும் இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவர் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வருவதை நான் பார்த்தேன். போய் மண்டியிட்டேன். டாக்டர் சார் முன்னால் வரப்போனார், பெரிய மேடம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "ஃபைனல் இயர்தானே, நீயே பாரு" என்றார். விரல் நுனியில் நிறம் பார்த்தேன், அசைக்கச் சொன்னேன், நாடி பார்த்தேன். பாவில் கோத்திருந்த மூங்கில் பட்டைகளில் இரண்டை அண்ணன் கொடுத்தார். அதை வைத்து, துண்டைக் கிழித்துக் கட்டினேன். மேடம் ஒவ்வொன்றுக்கும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லிக்கொண்டே கட்டினேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

கட்டி முடிக்கிற நேரத்தில் ஏ.ஓ. சாருக்கு நெற்றியில் திருமண் கரையும் அளவுக்கு வியர்வை. பேச்சு நின்றுபோயிருந்தது. திடீரென்று கண்ணைத் திறந்து பெரிய மேடத்தை முறைத்தார்.

"ஏய், நீ யாரு? இங்க எதுக்கு நிக்கறே? போ அந்தண்டை."

பிரின்சிபால் மேடம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். எனக்கு எங்கள் நம்பர் எல்லாம் வரிசையாகப் பாலாற்றில் போவது தெரிந்தது. டாக்டர் சார், தலையில் அடிபட்டிருக்கு, வண்டி வரட்டும், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க என்றார். சரியாகத்தான் சொன்னார், அப்படியும் இருக்கலாம். ஆனால் அவர் விழுந்ததை நான் பார்த்தேன், தலை தரையில் படவே இல்லை. அவர் சட்டைப் பையில் சுகர் மாத்திரை இருப்பதும் காலேஜ் முழுக்கத் தெரிந்த விஷயம். புறப்பாட்டு நாளில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, பெருமாள் திரும்புகிறவரைக்கும் சாப்பிடமாட்டேன் என்று அவர் பெருமையடிப்பதும் தெரியும்.

சுகர் இறங்கியிருக்கு மேடம், சர்க்கரைத் தண்ணி கொடுக்கணும் என்றேன். டெஸ்ட் பண்ணாம எப்படிச் சொல்றே என்றார்.

"மேடம், சார் நாயைக்கூட நீன்னு சொன்னது இல்ல. இது சார் பேசல."

மேடம் என்னை ஒரு நொடி பார்த்தார். கொடு என்றார். அண்ணனின் சம்சாரம் ஓடிப்போய்ச் சர்க்கரை கரைத்துக் கொண்டுவந்தாள். விழுங்க முடிகிறதா என்று ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், விழுங்கினார். ஆனால் படுத்தபடி கொடுத்தால் புரையேறும், தலையைத் தூக்கியாக வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கத்தையாக இழை. அண்ணே, தூக்கணும் என்றேன். அவர் இழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக் கத்தையை அறுத்தார்.

"இழையை முடிஞ்சிக்கலாம்மா. ஆளு போனா இன்னா பண்றது" என்றார்.

டம்ளர் காலியாகிக் கொஞ்ச நேரத்தில் சாரின் கண்ணில் வெளிச்சம் வந்தது. சுற்றிலும் பார்த்தார். பெரிய மேடத்தின் மேல் பார்வை நின்றது. "மேடம், மோர் சாப்டேளா?" என்றார். அதுவரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மேடம், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெண்கள் எல்லோரும் சிரிப்பும் அழுகையுமாக அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். அப்போது பார்த்ததுதான் அந்த முதுகு.

அங்கே நிறுத்தியிருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்து வார்டு. வண்டியில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம், அவர் கேட்கவில்லை, கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு நாலு இட்லியை விழுங்கிவிட்டு வார்டு வாசலில் நின்றார். இழை பிரித்த நேரத்தில் இங்கே கட்டில் வந்து இறங்கியிருந்தது. நோயாளிகளும் வந்து, இட்லி தின்று, காத்திருந்து காத்திருந்து, சரி, இன்ஸ்பெக்‌ஷன் இல்லை போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரே ஒரு தாத்தா மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேடம் அவரை எழுப்பி உங்களுக்கு என்ன செய்யுது என்று கேட்டார். அவர் எங்களைப் பார்த்து, எனக்கு இன்னாம்மா சொன்னீங்க என்றார். எல்லாக் கட்டில் காலிலும் பந்தல்காரரின் பேர் சிவப்புப் பெயிண்டில் அழகாக எழுதியிருந்தது.

சேர்மன் வாசலில் நின்று ஏ.ஓ. சாருக்குக் கண்ணைக் காட்டினார், சமாளி என்று. மேடம் நேராக ஏ.ஓ. சாரிடம் வந்தார். இதெல்லாம் யாருடையது என்றார். சத்தம் போடவில்லை.

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனையையும் எழுதுகிறேன். அவர் கொஞ்சம் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாடகைக்கு விட்டது திரும்பி வந்திருக்கு என்றுகூடச் சொல்லலாம், அந்தச் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. ஆனால் எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகிய மனுஷருக்கு அந்த முகத்துக்கு நேராகப் பொய் வரவில்லை.

"கட்டில் வாடகை மேடம். வந்தவா எல்லாம் இட்லிக்கு வந்தவா. லைப்ரரியில பாதிப் புஸ்தகம் இரவல். இந்தப் பெண்கள் மட்டும்தான் இரவல் இல்லை. காலேஜை என்ன வேணா எழுதிக்கோங்கோ, இவாளைத் தனியாப் பாருங்கோ."

சேர்மன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். மேடம் நேரே போய்க் கார் ஏறினார். இவர் காருக்கு முன்னால் கேட் வரைக்கும் பின்னோக்கியே நடந்து வழியனுப்பிவிட்டு வந்தார். சாயங்காலமே சேர்மன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. மறுநாள் அவர் மேஜை காலியாக இருந்தது. அன்று முழுக்க எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

கவுன்சில் முடிவு வந்தது. சொந்த ஆஸ்பத்திரி உருப்படியாகிறவரைக்கும் காலேஜில் புதுப் பெண்களைச் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே படிக்கிறவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டு வேலையை முழுசாகத் திரும்பச் செய்ய வேண்டும், செய்முறைத் தேர்வையும் அங்கேயே செய்து காட்ட வேண்டும், தேறினால் நம்பர். திரும்பச் செய்ய வேண்டும் என்றதும் ஹாஸ்டலில் ஒரே ஒப்பாரி. பிறகு என் அறைத்தோழிதான், ஏய், 'தேறினால் நம்பர்'னு போட்டிருக்குடி என்று கத்தினாள். ஒப்பாரி அப்படியே கூத்தாக மாறியது. நிஜக் கட்டிலில் நிஜ நோயாளிகளிடம் மாதக்கணக்கில் இடுப்பொடிந்தோம். பிரசவ வார்டில் தூங்காமல் நின்றே கால் வீங்கியது. அங்கேதான் நான் நர்ஸ் ஆனேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நம்பர் வந்த நாளில் அத்தா கடையைப் பாதியில் சாத்திவிட்டார். அதற்குமுன் அத்தர் வாங்க வந்த அத்தனை பேரிடமும் நம்பரை ஒப்பித்தாராம், அதில் ஒருவர் லாட்டரியா பாய் என்று கேட்டாராம். முதல்ல அவர்கிட்டச் சொல்லணும் என்று அத்தாதான் சொன்னார். இரண்டு பேரும் சின்ன காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினோம்.

மாமி கதவைத் திறந்தார். சார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், இன்னும் இளைத்திருந்தார். மாத்திரை கேட்காமல் இப்போது தினம் இன்சுலின், தெருக்கோடி டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டு வருவாராம். இன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை சொல்லியும் போகவில்லை என்று மாமி குறைப்பட்டுக்கொண்டார். நம்பர் வந்த சேதி எங்களுக்கு முன்னாலேயே அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"சொல்லுங்கோ" என்றார். நம்பரைச் சொன்னேன். இன்னொரு தரம் என்றார். அத்தா சொன்னார். பாய், பொறுப்புன்னு சொன்னேனே, ஆச்சு என்று சொல்லிவிட்டுச் சார் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மாமி, சாப்பாடு தயாரா என்று முதலில் கேட்டேன். இலை போட்டாச்சு என்றார். டாக்டர் சீட்டை வாங்கி அளவைப் பார்த்தேன், மருந்தை எடுத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். ஊரான் வீட்டு மூத்திரம் அள்ளவா என்று குதித்த என் அத்தா, பக்கத்தில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி இறங்கும்போது ஒரு பக்கம் நாராயணா, இன்னொரு பக்கம் பிஸ்மில்லா. உரிமையோடு நான் போட்ட முதல் ஊசி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நறுக்கென்று குத்திவிட்டேன், ஊசி எப்படிப் போனதென்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

வலிச்சுதா சார் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "குத்தினதே தெரியலைம்மா" என்றார். முகத்துக்கு நேராக அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.